கழுவக் கழுவச் சேர்ந்த அழுக்கு: வெள்ளி நானோ துகளும் 24 சுண்டெலிகளும்

புதன்கிழமை காலை ஏழே முக்கால். சிங்கப்பூரின் புவன விஸ்தா ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டரில் நிற்கிறேன், விலங்குக் கூடத்திலிருந்து போன். "தங்கச்சி, உன் எலிங்க சரியில்லம்மா. எல்லாம் இல்ல, கீழ ரெண்டு வரிசை மட்டும். முடி சிலுத்துக்கிட்டு மூலையில ஒண்டி உக்காந்திருக்கு. வந்து பாரு."

கூப்பிட்டவர் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். இருபது வருடமாக இதே வேலை. எந்தக் கூண்டுக்கு என்ன கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியாது, அட்டையில் ஓர் எழுத்தும் ஒரு நிறமும் மட்டும்தான் இருக்கும். ஆனால் அவர் சொன்ன இரண்டு வரிசையும் நாங்கள் முந்தின நாள் வெள்ளி நானோ துகள் கொடுத்த இரண்டு குழுக்கள்தான், ஒரு கூண்டு கூடப் பிசகவில்லை. எனக்கு முதலில் வந்தது கவலை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் வந்தது சந்தோஷம். துகள் வேலை செய்திருக்கிறது, விளைவு கண்ணாலேயே தெரிகிறது, கட்டுரைக்கு வழி பிறந்துவிட்டது என்றுதான் மனசு ஓடியது.

அடுத்த ஒன்றரை மாதத்தில் அந்தச் சந்தோஷம் என்ன ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன். எந்த ஆய்வகம் என்று எழுதப் போவதில்லை, தப்பில் பெரிய பங்கு என்னுடையது என்பதால் அது தேவையும் இல்லை. நானோ நச்சியல் படிக்க வரும் தம்பி தங்கைகள் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

என்ன செய்தோம்

கேள்வி எளிமையானது. வெள்ளி நானோ துகள் இன்று காலுறையிலிருந்து காயக் கட்டு வரை எல்லாவற்றிலும் இருக்கிறது, கிருமியைக் கொல்லும் என்பதால். அது மூச்சில் உள்ளே போனால் நுரையீரல் என்ன ஆகும்? துகள் சிறிதாக இருந்தால் கேடு அதிகமா? இதில் புதுமை அதிகம் இல்லை. கொரியாவில் 2009இல் வெளிவந்த ஆய்வில் சுமார் 18 நானோமீட்டர் வெள்ளித் துகளை எலிகள் 90 நாள் சுவாசித்தபோது நுரையீரலும் கல்லீரலும்தான் அடிவாங்கின, ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் வரை கேடில்லை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது அளவு ஒப்பீடு. 20 நானோமீட்டர் ஒன்று, 100 நானோமீட்டர் ஒன்று.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு உருளைக்கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள். முழுசாக வைத்தால் வெளியே தெரிவது தோல் மட்டும்தான். பொடிப்பொடியாக நறுக்கினால் எடை அதேதான், ஆனால் எண்ணெய் படுகிற பரப்பு எத்தனையோ மடங்கு கூடிவிடும், அதனால்தான் பொரியல் சீக்கிரம் வேகிறது. உருண்டைத் துகளில் கணக்கு இன்னும் சுலபம்: ஒரே எடைக்கு 20 நானோமீட்டர் துகளின் மொத்தப் பரப்பு 100 நானோமீட்டர் துகளினுடையதைப் போல் 5 மடங்கு. டைட்டானியம் டையாக்சைடில் குந்தர் ஓபர்டார்ஸ்டர் குழுவினர் 1990களின் தொடக்கத்திலேயே இதை எலிகளில் காட்டிவிட்டார்கள். 20 நானோமீட்டர் துகள், 250 நானோமீட்டர் துகளைவிட ஒரே எடையில் நுரையீரலை அதிகம் அழற்சிக்கு உள்ளாக்கியது. எடைக்குப் பதிலாகப் பரப்பைப் போட்டு வரைந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. (இந்த "ஒரே கோடு" விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

20 நானோமீட்டரை நாங்களே செய்தோம், வெள்ளி நைட்ரேட்டும் சிட்ரேட்டும் வைத்து. கரைசல் மஞ்சளாக மாறும் அந்த நிமிடம் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. 100 நானோமீட்டர் கடையில் வாங்கியது. இரண்டின் திரவமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டையும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல் நீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, மறுபடி சுற்றி, இப்படி மூன்று தடவை கழுவினேன். கடைசியில் இரண்டு மில்லிலிட்டருக்கு அடர்த்தியாக்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க, துகள் இல்லாத கன்ட்ரோல் குழுக்கள் இரண்டு, ஒன்றுக்கு வெறும் சிட்ரேட் நீர், இன்னொன்றுக்கு வெள்ளி நைட்ரேட். துகளிலிருந்து கரைந்து வருகிற வெள்ளி அயனி தனியாக என்ன செய்கிறது என்று தெரிய இது வேண்டும். இந்த இரண்டையும் பாட்டிலில் வாங்கிய சுத்திகரித்த ஊசிநீரில் கலக்கினேன், ஏனென்றால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

துகளைக் கழுவிய தண்ணீரோ ஆய்வகத்துத் தொட்டித் தண்ணீர். தீபாவளி நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள். நான்கு நாள் ஏசி குறைத்து வைத்த அறையில், சிங்கப்பூர் வெயிலில், நின்ற தண்ணீர். இதை எழுதும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மயக்க மருந்து கொடுத்து, சுண்டெலியின் நாக்கை இடுக்கியால் மெல்ல இழுத்துப் பிடித்து, தொண்டைக்குள் 50 மைக்ரோலிட்டரை விட்டு, மூக்கைப் பொத்தினால் அது வாயால் மூச்சு இழுக்கும்போது திரவம் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு சுண்டெலிக்கு ஒரு நிமிடம் ஆகும். நான்கு குழு, குழுவுக்கு 12, பாதியை முதல் நாளும் மீதியை ஏழாம் நாளும் பார்ப்பது என்று திட்டம். மொத்தம் 48. துகள் கொடுத்தவை 24.

கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

கூடத்து வெட் (விலங்கு மருத்துவர்) வந்து பார்த்தார். எடை குறைந்திருந்தது, ஆனால் நிறுத்த வேண்டிய அளவுக்கு இல்லை. ஈரத் தீவனம் வைத்தார்கள், எதிர்பாராத விளைவு என்று, விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் ஐஏசியுசி குழுவுக்கு அறிக்கை போனது. சிங்கப்பூரில் 2004இலிருந்து விலங்கு ஆய்வுக்கு விதிமுறையும் நாக்லார் என்ற தேசிய ஆலோசனைக் குழுவின் வழிகாட்டியும் இருப்பதால் இதையெல்லாம் மறைத்து வைக்கிற பேச்சே கிடையாது, அது நல்லதுதான்.

அன்று மதியம் முதல் நாள் குழுவின் நுரையீரலைக் கழுவி எடுத்தோம். கன்ட்ரோலில் கழுவுநீர் தெளிவாக, லேசாக நுரைத்து வரும். துகள் குழுவில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தது. ஸ்லைடில் சாயம் போட்டுப் பார்த்தால், வழக்கமாக ஏறக்குறைய எல்லாமே மேக்ரோபேஜாக (குப்பையை விழுங்கும் காவல் அணு) இருக்க வேண்டிய இடத்தில், கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்த நியூட்ரோஃபில் (அழற்சி வந்தால் முதலில் ஓடி வரும் வெள்ளணு) கூட்டம். எண்ணுவதற்கே அரைமணி கூடுதலாக ஆனது. வெள்ளி நைட்ரேட் குழுவில் லேசாகக் கூடியிருந்தது, அவ்வளவுதான். சரி, அயனியால் வந்ததல்ல, துகளால்தான் என்று முடிவு கட்டினோம். அழகான முடிவு. குழுக் கூட்டத்தில் காட்டினேன், எல்லோரும் தலையாட்டினார்கள், தலைவர் எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து பெஞ்சில் நோயெதிர்ப்பு இயல் செய்கிற அக்கா ஒருவர் மட்டும் கடைசியில் கேட்டார்: "இருபதுக்கும் நூறுக்கும் ஏம்மா ஒரே உயரம்?"

படத்தில் இரண்டு தூண்களும் கிட்டத்தட்ட ஒட்டி நின்றன. நான் அதைப் பார்த்திருந்தேன், பார்த்துவிட்டு "அளவு பொருட்டில்லை" என்று ஒரு வரியும் எழுதி வைத்திருந்தேன். பரப்பு ஐந்து மடங்கு வேறுபடும்போது அழற்சி கொஞ்சமாவது வேறுபட வேண்டும். கரைகிற வேகமும் வேறு. இத்தனை மாறியும் விளைவு மாறவில்லை என்றால், இரண்டு துகளுக்கும் பொதுவாக இருக்கிற வேறு ஏதோ ஒன்று வேலை செய்கிறது. ஒன்று நாங்கள் செய்தது, ஒன்று கடையில் வாங்கியது, கடையும் குடுவையும் வேறு. அந்த இரண்டும் சந்தித்த ஒரே இடம் என் சென்ட்ரிஃபியூஜ் குழாய்.

ஏழாம் நாள் குழு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. வெள்ளிக்கிழமையே அந்தச் சுண்டெலிகள் முடி படிந்து, கூண்டில் சக்கரம் ஓட்டிக்கொண்டிருந்தன. ஏழாம் நாள் நியூட்ரோஃபில் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. சட்டென்று ஏறி, முதல் நாள் உச்சம் தொட்டு, சில நாளில் வடிவது பாக்டீரியா நச்சின் கையெழுத்து. அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, வெள்ளியும் அப்படி நடந்துகொள்ளலாம். ஆனாலும் அக்கா சொல்லிவிட்டார்: "எண்டோடாக்ஸின் பாத்தியா?"

"ஆட்டோகிளேவ் பண்ணினேன் அக்கா."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

செத்தாலும் விடாத ஒன்று

கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கிற கொழுப்புச் சர்க்கரைதான் எண்டோடாக்ஸின். ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில், 121 டிகிரியில் பாக்டீரியா சாகும், ஆனால் எண்டோடாக்ஸின் அசையாது. செத்த உடல்கள் உடைந்து இன்னும் அதிகமாகத் தண்ணீரில் கலக்கும். 0.2 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், இதைப் பிடிக்காது. ஒழிக்க வேண்டுமானால் 250 டிகிரியில் அரைமணி நேரம் உலர்சூட்டில் வைக்க வேண்டும். கண்ணாடிக் குடுவைக்குச் சரி, வெள்ளித் துகளை அப்படி வறுத்தால் கட்டிதட்டிப் போகும்.

இதன் அளவை யூனிட்டில் சொல்வார்கள், ஒரு யூனிட் என்பது சுமார் 0.1 நானோகிராம். மனிதருக்கு ஊசி மருந்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 5 யூனிட்தான் வரம்பு. சுண்டெலி நம்மைவிட இதை நன்றாகவே தாங்கும், அப்படியிருந்தும் அவை மூலையில் ஒண்டின என்றால் எவ்வளவு போயிருக்கும்?

இங்கேதான் நானோ துகளின் சொந்தக் குணம் உள்ளே வருகிறது. பரப்பு அதிகம் என்றேன் அல்லவா, அந்தப் பரப்பில் கண்டதும் ஒட்டும். மூன்று முறை கழுவும்போது ஒவ்வொரு முறையும் நாற்பது மில்லிலிட்டர் தொட்டித் தண்ணீர் துகளோடு உரசியது, துகள் எண்டோடாக்ஸினைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படிந்தது, மேல் நீரை மட்டும் நான் கொட்டினேன். கடைசியில் எல்லாவற்றையும் இரண்டு மில்லிலிட்டருக்குள் திரட்டினேன். கழுவக் கழுவ அழுக்கு சேர்ந்திருக்கிறது. ரசத்தைச் சுண்டக் காய்ச்சுவது போல நானே உட்கார்ந்து நச்சைச் சுண்டவைத்திருக்கிறேன்.

சோதித்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தோம். அதுவும் லேசில் முடியவில்லை. வழக்கமான கிட், அமெரிக்க லாட நண்டின் இரத்த அணுச் சாற்றில் செய்தது. எண்டோடாக்ஸின் பட்டால் அந்த நண்டின் நீல இரத்தம் உறைந்துவிடும், 1956இல் ஃபிரெடெரிக் பாங் கவனித்த விஷயம். கிட்டில் அது மஞ்சள் நிறமாகத் தெரியும், 405 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். வெள்ளி நானோ துகளின் நிறமும் மஞ்சள், அது ஒளியை விழுங்குவதும் 400 சுற்றுவட்டாரத்தில். மருந்தே சேர்க்காத குழியிலும் கருவி "அதிகம்" என்று காட்டியது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம்தான் ஒளிரும் வகைக் கிட்டுக்கு மாறினோம். இதில் நண்டு இரத்தம் கிடையாது, ஃபேக்டர் சி என்ற ஒரே ஒரு புரதத்தை மரபணு வழியில் செய்து வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது வேறெங்கோ என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங்கும் ஹோ போவும், கிராஞ்சிச் சேற்றில் கிடைக்கிற சதுப்புநில லாட நண்டிலிருந்து அந்த மரபணுவை எடுத்து, பூச்சி செல்லில் வளர்த்துச் செய்தது. மலாய்க்காரர்கள் பெலாங்காஸ் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு அழைத்துப் போனபோது அதைக் குச்சியால் நோண்டியதற்கு ஆசிரியையிடம் திட்டு வாங்கியவள் நான். ஐரோப்பிய மருந்துத் தரநூல் 2021இலிருந்து இந்த முறைக்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது.

இந்த முறையிலும் துகள் குறுக்கே வரும் என்பதால், தெரிந்த அளவு எண்டோடாக்ஸினை மாதிரியில் கலந்து அது எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும், 50இலிருந்து 200 சதவீதத்துக்குள் வந்தால்தான் எண்ணை நம்பலாம். எங்களுக்கு மாதிரியை நீர்க்க வைக்க வைக்க, பல படி தாண்டித்தான் அந்த வரம்புக்குள் வந்தது. அந்த நீர்ப்பிலும் அளவு எகிறி நின்றது. 20, 100 இரண்டிலும். தொட்டித் தண்ணீரில் நிறச்சிக்கல் எதுவும் இல்லை, நேரடியாகவே காட்டிக்கொடுத்தது. ஊசிநீர் பாட்டில் சுத்தம்.

நடுவில் ஒருவர், எண்டோடாக்ஸினுக்கு அசையாத சி3எச் ஹெச்இஜே வகைச் சுண்டெலியில் பழைய துகளைக் கொடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடுமே என்றார். அறிவியலாகப் பார்த்தால் நல்ல யோசனைதான். அந்த வகைக்கு, எண்டோடாக்ஸினை உணர உதவும் டிஎல்ஆர்4 மரபணு கெட்டிருப்பது 1998இல் தெரியவந்தது, அதற்காகத்தான் புரூஸ் பாய்ட்லருக்கு 2011இல் நோபலில் பங்கு கிடைத்தது. வெட் ஒரே வரியில் முடித்தார்: "தண்ணி கெட்டுப்போச்சான்னு பாக்க எலி எதுக்கு?"

இதே குழியில் விழுந்தவர்கள்

ஆறுதலுக்காகத் தேடியபோது நாங்கள் தனியாக இல்லை என்று தெரிந்தது. 2004இல் ஈவா ஓபர்டார்ஸ்டர் (மேலே சொன்ன குந்தரின் மகள்) ஃபுல்லரீன் (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) கலந்த நீரில், பத்து லட்சத்தில் 0.5 பங்கு என்ற அளவில், 48 மணி நேரம் இருந்த பாஸ் மீன்களின் மூளையில் ஆக்சிஜனேற்றக் கேடு வந்ததைக் காட்டினார். உலகம் முழுக்கச் செய்தியானது. ஃபுல்லரீனைத் தண்ணீரில் கொண்டுவர டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான் பயன்பட்டிருந்தது. 2007இல் இன்னொரு குழு வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் பார்த்தபோது, இப்படிக் கரைத்த ஃபுல்லரீனின் நச்சுத்தன்மை அந்தக் கரைப்பான் சிதைந்து வந்த பொருள்களோடு சேர்ந்து போனது.

அதே 2004இல் வார்ஹைட் குழுவினர் ஒற்றைச் சுவர் கார்பன் நானோ குழாயை எலிகளின் மூச்சுக்குழலில் விட்டபோது, கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொடுத்த குழுவில் 15 சதவீதம் ஒரே நாளில் செத்தன. காரணத்தை அவர்களே நேர்மையாக எழுதினார்கள்: குழாய்கள் திரண்டு மூச்சுக்குழலை அடைத்துவிட்டன. நச்சே தேவையில்லை, பருத்திப் பந்தை அடைத்தாலும் இதுதான் நடக்கும்.

இதைப் படித்துவிட்டு நானோ நச்சியலே புரளி என்று யாராவது கிளம்பினால் அதுவும் தப்பு. 2008இல் எடின்பரோவின் கென் டொனால்ட்சன் குழு நீளமான, விறைத்த பல்சுவர் நானோ குழாயைச் சுண்டெலியின் வயிற்று உறையில் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியே அழற்சியும் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சும் வந்தன. சுருண்ட குட்டைக் குழாயில் வரவில்லை. ஜப்பானில் அதே ஆண்டு பி53 குறைபாடுள்ள சுண்டெலிகளில், ஆஸ்பெஸ்டாஸோடு சேர்த்துப் பேசப்படும் மீசோதீலியோமா புற்றுநோயே வந்தது. இவற்றில் எம்டபிள்யுசிஎன்டி-7 என்ற ஒரு வகையைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2014இல் 2பி பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்புள்ளது) வைத்தது. எடின்பரோக்காரர்கள் நீளம், குட்டை, ஆஸ்பெஸ்டாஸ், சாதாரணக் கரித்தூள் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அந்த முடிவு நிற்கிறது. எங்கள் கன்ட்ரோல் துகள் கடந்து வந்த பாதையில் பாதிகூட வரவில்லை. வெறும் தண்ணீரை அதே குழாயில், அதே தொட்டி நீரில், மூன்று முறை சுற்றி எடுத்து ஒரு குழுவுக்குக் கொடுத்திருந்தால் முதல் நாளே கொஞ்சமாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

மறுபடியும்

அனுமதி திருத்தி வாங்க மூன்று வாரம் ஆனது. குழுவில், ஏன் முதலிலேயே சோதிக்கவில்லை என்று கேட்டார்கள், என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்த முறை எண்ணிக்கையைக் குறைத்து, குழுவுக்கு 5. குடுவைகளை 250 டிகிரியில் வைத்து எடுத்தேன், முழுக்க ஊசிநீர், கழுவுவதற்குச் சென்ட்ரிஃபியூஜுக்குப் பதிலாகச் சவ்வு வடிகட்டி, கடைசி வடிநீரைத் தனியாக ஒரு கன்ட்ரோலாகவும் வைத்தேன். சுண்டெலியைத் தொடும் முன்பே எண்டோடாக்ஸின் எண் கையில் இருந்தது. பழைய துகள்கள் குளிர்பெட்டியில் சிவப்புப் பட்டை ஒட்டிக் கிடக்கின்றன.

மறுநாள் காலை போன் வரவில்லை. நானே போனேன். எல்லாக் கூண்டிலும் ஓடிக்கொண்டிருந்தன.

கழுவுநீர் இந்த முறை கலங்கவில்லை. நியூட்ரோஃபில் பழையதில் ஒரு சிறு பகுதிதான், ஆனால் இருந்தது, 20 நானோமீட்டரில் தெளிவாகவும் 100இல் அரைகுறையாகவும். எடைக்குப் பதில் பரப்பைப் போட்டு வரைந்தேன், இரண்டு புள்ளி, நேர்கோடு என்று சொல்ல இரண்டு புள்ளி போதாது என்பது எனக்கும் தெரியும். ஏழாம் நாளில் ஒரு விஷயம் கவனத்தை இழுத்தது. மேக்ரோபேஜுகளுக்குள் மிளகுத்தூள் தூவியது போல் கருப்புப் பொட்டுகள், பக்கத்தில் கொஞ்சம் அழற்சி, வடியாமல். பழைய தொகுதியிலும் அது இருந்திருக்கும், நியூட்ரோஃபில் வெள்ளத்தில் நான் பார்க்கத் தவறியிருக்கிறேன். வெள்ளி நிரபராதி என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. முதல் எண்ணிலிருந்து எண்டோடாக்ஸினைக் கழித்து மீதியை வெள்ளிக் கணக்கில் எழுதிவிடலாமே என்று தலைவர் கேட்டார். அதுவும் முடியாது, துகளும் எண்டோடாக்ஸினும் சேர்ந்தால் கூட்டலைவிட அதிகமாக அடிக்கலாம் என்று சுண்டெலிகளில் முன்பே காட்டியிருக்கிறார்கள். அந்த 24இன் எண்கள் எந்தப் படத்திலும் வராது. ஐஏசியுசி அறிக்கையில் மட்டும் இருக்கும்.

தொட்டியைத் திறந்து பார்த்த அன்று உள்சுவரைக் கையுறை விரலால் தடவினேன். வழவழவென்று, கழுவாத மீன்தொட்டி மாதிரி இருந்தது. வடிகட்டி மாற்ற வேண்டிய தேதி எப்போதோ தாண்டியிருந்தது, அட்டையில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டிருந்தது நான்தான்.

28ஆம் நாளுக்கென்று வைத்த குழுவின் ஸ்லைடுகள் இன்னும் நோய்க்கூறு மருத்துவரிடம் இருக்கின்றன. கூடத்து அண்ணன் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், "என்னம்மா, அந்தக் கருப்புப் பொட்டு போச்சா?" என்று. இன்னும் தெரியல அண்ணே என்கிறேன்.